டிக்கிக்குள் ஒரு கயிறு

டிக்கி என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டவர்கள் மிகச் சிலர். நானே வலியப் போய்ச் சொன்னவர்கள் பலர். இன்று வாசகர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், வண்டியின் பின்புறத்தில் வேலைக்காரர்கள் உட்காருவதற்கென்று ஓர் ஆசனம் இருந்தது. அதற்குத்தான் டிக்கி என்று பெயர். பிறகு மோட்டார் கார் வந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கார்களில், பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் மடக்கி வைத்த ஆசனம் ஒன்று வெளிப்படும். அதுவும் டிக்கிதான். வெள்ளைக்காரன் நாளடைவில் அந்த ஆசனத்தையும் மறந்தான், பெயரையும் மறந்தான். இப்போது அவன் பூட் என்கிறான். அமெரிக்கன் டிரங்க் என்கிறான். நாம் மட்டும் விசுவாசமாக டிக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மனிதர் உட்கார ஏற்பட்ட இடம், பெட்டியும் படுக்கையும் வைக்கிற இடமாகிவிட்டது. ஆனாலும், மனிதர்கள் அதற்குள் போவது அடியோடு நின்றுவிடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் இருப்பது 2003-ஆம் வருஷத்து மாருதி எஸ்டீம். 1994-இல் வெளிவந்து 2007-இல் நின்றுபோன வண்டி. தயாரிப்பு நின்ற காரை வைத்திருப்பவனுக்கு உறவினர் நடுவில் என்ன மரியாதை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால், “இன்னும் இதுதானா?” என்று கேட்காதவர்கள் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும்தான், அவர்களுக்கு அன்றைக்கு வேறு கவலை. எனக்கோ அந்த வண்டி பழகிப்போய்விட்டது. அது எந்த மேட்டில் திணறும், எந்தப் பள்ளத்தில் முனகும் என்று எனக்குத் தெரியும். என் மூட்டுகளைப் பற்றியும் அதற்கு ஏறக்குறைய அவ்வளவு தெரிந்திருக்கும்.

டிரைவர் ஆசனத்தை ஒட்டித் தரையில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் பின்னால் ‘டக்’ என்று டிக்கி திறந்துகொள்ளும். வாடகை அம்பாசிடர் காலத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. சேலம் ரயிலடியில் டிரைவர் இறங்குவார், சாவிக்கொத்தோடு பின்னால் போவார், குனிவார், திறப்பார், பெட்டியை அவரே எடுத்து வைப்பார். நெம்புகோல் வந்த பிறகு டிரைவர் உட்கார்ந்தபடியே திறந்து விடுகிறார். பெட்டியை நாம் தூக்கி வைக்கிறோம். முன்னேற்றத்தில் யாராவது ஒருவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும்.

ஒரு நாள் அந்த நெம்புகோல் கையோடு வந்துவிட்டது போல லேசாக மேலே எழும்பியது. ‘டக்’ சத்தம் இல்லை. அதற்கு முன்பு சில மாதங்களாகவே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டு வந்திருந்தது. இவை இரண்டும்தான் கேபிள் சாகிற லட்சணம். முதலில் இறுகும், பிறகு ஒரேயடியாகத் தளரும். வெற்றிலைப் பெட்டி மாதிரி ஒரு மூடியைத் திறப்பதற்கு மூன்று மீட்டர் கம்பியா என்று கேட்கலாம். அந்தக் கம்பியைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லியே தீரவேண்டும். கல்லூரியில் நான் உருப்படியாகக் கவனித்த பாடம் பௌதிகம் ஒன்றுதான்.

எங்கள் பாட்டனார் தோட்டத்தில் கவலை ஓடிய காலத்தை எண்ணிப் பாருங்கள். மாடு இழுக்க, வடம் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். நேர்கோட்டில் போகிற வரையில் வடத்துக்குத் தொந்தரவில்லை. திசை திரும்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஓர் உருளை வேண்டும். உருளையைத் தாங்கக் கல்தூண் வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தூண், ஓர் உருளை. கயிற்றின் சுபாவம் அது. நேராக இழுக்கத்தான் அதற்குத் தெரியும். இந்தச் சுபாவத்தை மாற்றியவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். 1896-இல் அவர் உரிமம் பெற்ற சூட்சுமம் இவ்வளவுதான்: மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி ஒரு கம்பி, அதைச் சுற்றி, நெருக்கமாகச் சுருட்டிய இன்னொரு கம்பியால் ஆன குழாய் உறை. உள்கம்பி இழுபடும்போது உறை எதிர்த்து நின்று தாங்கும். உறை வளையும், ஆனால் நீளத்தில் குறுகாது. ஆகவே ஒரு முனையில் நீங்கள் அரை அங்குலம் இழுத்தால், நடுவில் எத்தனை வளைவு இருந்தாலும் மறுமுனையிலும் ஏறக்குறைய அரை அங்குலம் நகரும். தூணும் வேண்டாம், உருளையும் வேண்டாம். உருளை செய்கிற வேலையை உறை தன் நீளம் முழுதும் செய்துகொண்டே போகிறது.

சைக்கிள் பிரேக், மோட்டார் சைக்கிள் கிளட்ச், கார் ஆக்ஸிலேட்டர் என்று எங்கெல்லாமோ அது புகுந்துவிட்டது. ராலி சைக்கிள் கம்பெனியை நிறுவிய பிராங்க் பௌடன்தான் இதையும் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்லுவார்கள். அவர் வேறு, இவர் வேறு. பெயர்ப் பொருத்தத்தினால் ஒருவர் புகழ் இன்னொருவருக்குப் போய்ச் சேருவது எழுத்தாளர்களுக்கு மட்டும் நேருகிற விபத்து அல்ல என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இப்படிப்பட்ட கம்பிக்கு இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று துரு. மழைநீர் உறையின் வெடிப்பு வழியாக உள்ளே போய்த் தங்கிவிடும். இன்னொன்று, கூர்மையான வளைவு. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, முறுக்கிய இழைகளில் ஒன்று அறும். மற்றவை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். பிறகு இன்னொன்று அறும். அறுந்த இழையின் நுனி உறைக்குள் குத்திக்கொண்டு நிற்பதால்தான் நெம்புகோல் இறுகுகிறது. கடைசி இழை போகிற நாள்வரை டிக்கி திறந்துகொண்டுதான் இருக்கும்.

சேலத்தில் உதிரி சாமான் கடைகளில் விசாரித்தேன். ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது. இன்னொருவர், “சாவிதான் இருக்கே சார், சாவி போட்டுத் திறங்க” என்றார். வாஸ்தவம். டிக்கிக்கு வெளியே சாவித்துவாரம் இருக்கிறது. ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கிப் பின்னால் போவது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொன்னார்கள்.

ஏப்ரல் மாதம் பிறந்தது. என் தங்கை குழந்தைகள் மூன்று பேரும் கோடை விடுமுறைக்கு வந்து சேர்ந்தார்கள். சேலத்து வெயிலில் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைத்து வைக்கலாம். ஐந்து மணிக்கு மேல் யாரால் முடியும்? கண்ணாமூச்சி தொடங்கிவிடும். ஒரு நாள் மளிகைச் சாமானை உள்ளே கொண்டுபோக வேண்டி டிக்கியைத் திறந்து வைத்திருந்தேன். அரிசிப் பையை வைத்துவிட்டுத் திரும்பினால், ஐந்து வயதுச் சின்னவன் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து அளவு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“மாமா, இங்கே ஒளிஞ்சா ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது!” என்றான்.

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவனைத் தூக்கி வெளியே விட்டேன். டிக்கியை மூடினேன். சாவியை மேலே, சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வெளியே 35 டிகிரி வெயில் இருந்தால், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பெரியவர்கள் உடம்பைவிடக் குழந்தையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்கிறார்கள் டாக்டர்கள். நிறுத்தி வைத்த காருக்குள் ஏறி விளையாடிய குழந்தைகளைப் பற்றிய செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் கோடைதோறும் எங்காவது ஒரு மூலையில் வரத்தான் செய்கிறது. படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம்.

அப்போதுதான் முன்பு எப்போதோ படித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 1995 அக்டோபரில், அமெரிக்காவில் சான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில், ஜானெட் ஃபென்னல் என்ற பெண்மணி கணவரோடும் ஒன்பது மாதக் கைக்குழந்தையோடும் இரவில் வீடு திரும்பினார். காரை ஷெட்டுக்குள் விடுகிற சமயத்தில் துப்பாக்கியோடு திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். கணவன், மனைவி இருவரையும் அவர்கள் கார் டிக்கியிலேயே போட்டு மூடி, காரை எங்கோ ஓட்டிக்கொண்டு போனார்கள். பணத்தைப் பறித்துக்கொண்டு, அவர்களை உள்ளேயே விட்டுவிட்டு ஓடியும் போனார்கள். அந்த இருட்டில், விரிப்பையும் ஒயர்களையும் பிய்த்துப் போட்டுத் தேடியபோது டிக்கியைத் திறக்கிற கேபிள் கைக்கு அகப்பட்டது. இழுத்தார்கள். திறந்துகொண்டது. வீட்டில் குழந்தையும் பத்திரமாகக் கிடைத்தது.

அந்த அம்மாள் அதோடு சும்மா இருக்கவில்லை. டிக்கிக்குள்ளிருந்தே திறப்பதற்கு ஒரு பிடி வைத்தாக வேண்டும் என்று கம்பெனிகளோடும் அரசாங்கத்தோடும் மல்லுக்கு நின்றார். நடுவில் 1998 கோடையில், மூன்றே வாரங்களுக்குள் பதினொரு குழந்தைகள் கார் டிக்கிகளில் சிக்கி அந்த நாட்டில் இறந்துபோயின. கடத்தல் அல்ல, ஒன்றும் அல்ல, விளையாட்டு. கடைசியில், 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் ஒவ்வொரு காரின் டிக்கிக்குள்ளும் இருட்டில் ஒளிவிடும் பிடி ஒன்று இருக்க வேண்டும் என்று விதி வந்தது. என் கார் 2003-இல் பிறந்ததுதான். ஆனால் அது பிறந்தது அமெரிக்காவில் அல்லவே! என் டிக்கியில் அப்படி எந்தப் பிடியும் கிடையாது. பிய்த்துத் தேடினால் கைக்கு அகப்படக்கூடிய கேபிளும் அறுந்து கிடக்கிறது. சாவி வெளியில் இருப்பவனுக்குத்தான் உபயோகம்.

மறுநாள் காலையில் நாமக்கல் புறப்பட்டேன்.

சேலத்தில் பட்டறை இல்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டியது இல்லாத சாமானை உண்டாக்கித் தருகிற ஆள். அப்படிப்பட்டவர்கள் நாமக்கல்லில் ஜாஸ்தி. லாரிக்குப் பாடி கட்டும் ஊர் அது. நான் சிறுவனாக இருந்தபோது, பாடி இல்லாத வெறும் சேசிஸை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் வரிசையாக ஓட்டி வருவதைச் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். எலும்புக்கூடு மாதிரி வந்த வண்டி, மரமும் தகடும் ஆசாரியின் உளியும் பெயிண்டரின் தூரிகையும் பட்டுக் கல்யாணப் பெண் மாதிரி வெளியே போகும். ஒரு வண்டி மாதிரி இன்னொரு வண்டி இராது. அப்படிக் கட்டிப் பழகிய ஊரில், ‘கம்பெனியில் வருவதில்லை’ என்பதை யாரும் முடிவான பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் போன பட்டறை மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஐ.டி.ஐ. முடித்த அக்காள் மகன் ஒருவன் கூட வேலை செய்கிறான். மேஸ்திரி டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்து நெம்புகோலை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதுக்குன்னு சேலத்துல இருந்தா வந்தீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். சின்னவன் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பனியனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கம்பெனி கேபிள் கெடைச்சாலும் வேண்டாமுங்க. அதுவும் இருவது வருசமா எவன் கடையிலயோ கெடந்ததாத்தான் இருக்கும். நாம பண்ணிரலாம்.”

பின் ஆசனத்தின் மெத்தையைக் கழற்றினார்கள். கதவோரத் தகட்டின் ஸ்க்ரூக்களை எடுத்து விரிப்பைத் தூக்கியபோது, இருபது வருஷத்துச் சில்லறையும், ஒரு கொண்டை ஊசியும், ஒரு பாதி பென்சிலும் வெளிப்பட்டன. பென்சில் என்னுடையது. உறையைப் பிடித்திருந்த கிளிப்புகளைப் பையன் ஒவ்வொன்றாக நெம்பினான். பின் ஆசனத்துக்குக் கீழே, கேபிள் சட்டென்று திரும்புகிற இடத்தில் உறை வெடித்து, உள்ளே இழைகள் துருப்பிடித்த துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தன. “இங்கதான் மடக்கி மடக்கிச் செத்திருக்குது” என்றார் மேஸ்திரி.

பழைய கேபிளை உருவுவதற்கு முன்னால் பையன் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் ஒரு நுனியில் சணல் கயிற்றைக் கட்டினான். கேபிளை மறுபக்கத்திலிருந்து இழுக்க, சணல் அதே வழியாக உள்ளே போய்த் தங்கிவிட்டது. புதுக் கேபிளை அந்தச் சணலில் கட்டி இழுத்தால், தேடாமல் தன் வழியே போய்ச் சேரும். பாவாடைக்கு நாடா கோக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை. ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். “இல்லைங்க, அம்மா” என்றான்.

புதுக் கேபிள் என்பது சரக்கு ஆட்டோவின் கிளட்ச் கேபிள். அதில் இன்ஜின் பின்னால் இருக்கிறது, கைப்பிடி முன்னால் இருக்கிறது. ஆகவே கேபிள் நீளம். பழைய உறையைத் தரையில் நேராகப் போட்டுப் பக்கத்தில் புதியதை வைத்து ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வெட்டினார் மேஸ்திரி. இந்த அளவில் அவர் காட்டிய கண்டிப்புக்குக் காரணம் உண்டு. உறை நீளமானால் உள்கம்பி எப்போதும் இழுபட்டு நின்று பூட்டே சரியாகப் பிடிக்காது; குட்டையானால் நெம்புகோலை எவ்வளவு தூக்கினாலும் எட்டாது. உள்கம்பியின் நுனியைப் பூப்போல விரித்து, ஒரு சிறு பித்தளைக் குப்பிக்குள் செருகி, ஈயத்தை உருக்கி ஊற்றினார். ஆறியபின் இடுக்கியால் பிடித்துத் தம் முழுப் பலத்தோடு இழுத்தார். பையனையும் இழுக்கச் சொன்னார். அப்புறம் கிரீஸ் தடவி உள்ளே விட்டார்கள். வளைவு வருகிற இடத்தில் கேபிளைப் பழைய மாதிரி மடக்காமல் அகலமாகச் சுற்றிக்கொண்டு போக வைத்தார்.

நெம்புகோலைத் தூக்கினேன். ‘டக்!’

“இருங்க, உங்க வேலை இன்னும் முடியலீங்க” என்று டிக்கிப் பக்கம் போனார். கேபிள் போய் மாட்டுகிற பூட்டின் நாக்கில் துளை போட்டு ஒரு இரும்பு வளையத்தைத் தொங்க விட்டார். உள்ளே இருப்பவர் அதை இழுத்தால் பூட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். “மாப்ளே, உள்ள படு, பார்க்கலாம்” என்றார். பையன் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டான்.

நான் வேண்டாமென்று தடுத்தேன். மேஸ்திரி தாமே படுக்கலாமென்றால் அவர் வயிறு சம்மதிக்காது. நாவலாசிரியனுக்கு அனுபவம் வேண்டும் என்று சொல்லுகிறார்களே, அது இதுதான் போலும் என்று நான் ஏறிப் படுத்தேன். முழங்கால் மோவாயைத் தொட்டது. மூடி விழுந்தது.

‘கும்மிருட்டு’ என்று என் கதைகளில் நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதில் எல்லாம் எங்காவது ஒரு நட்சத்திரமாவது இருந்திருக்கும். இங்கே கண்ணைத் திறந்திருப்பதற்கும் மூடியிருப்பதற்கும் பேதமில்லை. ரப்பர் நாற்றம். கையெட்டும் தூரத்தில் நிற்கிற இரண்டு பேர் பேசுவது அடுத்த தெருவில் பேசுவது போலக் கேட்டது. வளையம் எங்கே இருக்கிறதென்று நான் பார்த்து வைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஆனாலும் மூடிய மறுகணம் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. தகட்டைத் தடவினேன். டயரைத் தடவினேன். முதுகில் வேர்வை ஓடியது. வளையம் விரலில் தட்டி, நழுவி, மறுபடி அகப்பட்டது. இழுத்தேன். வெளிச்சம் வந்தது.

“பத்து எண்றதுக்குள்ள வந்துட்டீங்க” என்றார் மேஸ்திரி.

எனக்கு அது பத்தாகத் தெரியவில்லை. பெரியவனுக்கே இந்தக் கதி என்றால் ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்? அந்த வளையம் போதாது என்று சொன்னேன். பையன் உடனே ‘ரேடியம்’ ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றான். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற அந்த ஸ்டிக்கருக்கு நம் ஊரில் ரேடியம் என்று பெயரே தவிர, அது மேலே பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புமே ஒழியத் தானாக ஒளிராது. இருட்டுப் பெட்டிக்குள் அது என்னத்தைத் திருப்பி அனுப்பும்? மேஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்தார். லாரித் தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, நுனி பிரியாமல் நெருப்பில் காட்டி, வளையத்தில் கட்டி, டிக்கியின் நடுவரையில் தொங்கும்படி விட்டார். நுனியில் கைக்கு அடக்கமாக ஒரு முடிச்சு. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஏதாவதோர் இடத்தில் கயிறு தட்டும். பெட்டி, சாமான் வைக்கும்போது சிக்காமலிருக்க ஓரத்தில் ஒரு கொக்கியும் வைத்தார். நான் மறுபடியும் உள்ளே போனேன். இந்தத் தடவை மேஸ்திரிக்கு எண்ணத் தொடங்கவே நேரமில்லை.

“கயிறு இருக்குதுன்னு கொழந்தைகளுக்குக் காமிச்சுக் குடுங்க. ஆனா, காரு சாவி சாமி படத்துக்குப் பின்னாலயே இருக்கட்டுமுங்க” என்றார்.

கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 450 ரூபாய் சொன்னார். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அவருடைய கண் என்னைத் தாண்டி வேப்பமரத்துக்கு அப்பால் போயிருந்தது. அங்கே பட்டறையின் பின்புறத்தில், சக்கரமும் இன்ஜினும் இல்லாத பழைய அம்பாசிடர் ஒன்று செங்கல்லின் மேல் நின்றது. முன் ஆசனத்தில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கூரை மேல் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு நிமிசம் இருங்க தம்பி” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். பையன்களை ஓர் அதட்டுப் போட்டு இறங்கச் சொன்னார். அம்பாசிடரின் டிக்கி மூடியைத் தூக்கி நிறுத்தி, குனிந்து, பூட்டின் போல்ட்டுகளைத் திருகினார். துருப்பிடித்திருந்ததால் சுலபத்தில் வரவில்லை. உள்ளேயிருந்து எண்ணெயைக் கொண்டு வரச்சொல்லி ஊற்றி, மறுபடி திருகினார். கடைசியில் பூட்டு கையோடு வந்தது. அதைப் பழைய இரும்பு போட்டு வைக்கிற டின்னுக்குள் வீசி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து, நோட்டை வாங்கிக்கொண்டு, ஐம்பது ரூபாய் மீதி கொடுத்தார்.